புகைப்படத்திலிருந்து நிழலுரு: ஓரக்கோட்டை நம்பி நிற்கும் ஒரு கலை

ஒரு புகைப்படத்தில் இருக்கும் மனிதரைக் கறுப்பால் நிரப்புவதற்கு எந்தப் படத்தொகுப்பு மென்பொருளிலும் ஒரு நொடிக்கு மேல் ஆகாது. ஆனால் நிரப்பிய மாத்திரத்தில் கண்கள், புன்னகை, சட்டையின் மடிப்பு, கன்னத்தில் விழுந்த வெளிச்சம் எல்லாம் போய்விடுகின்றன. அந்த மனிதர் யார், என்ன செய்கிறார், எந்த மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் உருவத்தைச் சுற்றி ஓடும் கோட்டின் மேல் வந்து விழுகிறது. நிழலுரு, அதாவது சில்ஹவுட், செய்யப் பழகும் பலரும் அந்த நிரப்பும் நொடியையே வேலை என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையான வேலை அதற்கு முன்பும் பின்பும் இருக்கிறது: எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும், கிடைத்த ஓரத்தை எப்படிச் சீர்செய்வது என்பதிலும்.

இந்தக் கலையின் பெயர் பிரெஞ்சு நிதியமைச்சர் ஒருவரிடமிருந்து வந்தது. எத்தியென் த சிலுவெட் 1759-இல் சில மாதங்கள் மட்டுமே அந்தப் பதவியில் இருந்தார். போர்ச் செலவைச் சமாளிக்க அவர் கொண்டுவந்த சிக்கன நடவடிக்கைகள் மக்களின் கேலிக்கு ஆளாகி, மலிவாகச் செய்யப்பட்ட எதற்கும் அவர் பெயரை வைத்து அழைக்கும் வழக்கம் உண்டானது. எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைவிக்க வசதியில்லாதவர்கள் கறுப்புக் காகிதத்தில் வெட்டிய பக்கவாட்டு முகத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. மெழுகுவத்தியின் முன் ஒருவரை உட்காரவைத்து, மறுபக்கத்தில் பிடித்த தாளில் விழும் நிழலை வரைந்தெடுப்பதே அன்று பரவலாக இருந்த முறை. 1839-இல் டாகெரோடைப் எனும் தொடக்ககாலப் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பிறகு அந்தத் தொழில் மெல்ல மங்கியது. எந்தப் புகைப்படம் அதை மங்கச் செய்ததோ, அதே புகைப்படத்திலிருந்து இன்று நாம் நிழலுருவைத் திரும்ப எடுக்கிறோம் என்பதால், அந்தப் பழைய கைவினைஞர்கள் எதிர்கொண்ட சிக்கல்கள் அனைத்தும் வேறு வடிவத்தில் நம் திரையிலும் எழுகின்றன.

அவர்கள் ஏன் பெரும்பாலும் பக்கவாட்டு முகத்தையே எடுத்தார்கள் என்பதில் முதல் பாடம் இருக்கிறது. நேராகப் பார்க்கும் முகத்தின் ஓரக்கோடு வெறும் முட்டை வடிவம். அதில் மூக்கும் உதடும் தாடையும் உள்ளே மறைந்துகிடக்கின்றன. தலையைப் பக்கவாட்டில் திருப்பியவுடன் நெற்றி, மூக்கு, உதடு, தாடை, கழுத்து ஆகிய ஐந்தும் ஓரத்துக்கு வந்துவிடுகின்றன. முழு உருவத்துக்கும் இதே விதிதான். ஒருவர் இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்து மார்புக்கு நேராக வைத்திருக்கும் படம் வண்ணத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், கறுப்பாக்கினால் கோப்பையும் கைகளும் உடலுக்குள் கரைந்து, தோள் கொஞ்சம் குறுகிய ஒரு தூண் மட்டுமே மிஞ்சும். அதே மனிதர் பக்கவாட்டில் திரும்பிக் கோப்பையை உதட்டருகே உயர்த்தியிருந்தால், முகத்துக்கும் கோப்பைக்கும் நடுவே தெரியும் சிறிய வெள்ளை இடைவெளி மொத்தச் செயலையும் சொல்லிவிடும். ஆகவே படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உருவத்தைப் பார்ப்பதை விட, உருவத்தைச் சுற்றியும் அதன் உறுப்புகளுக்கு இடையிலும் இருக்கும் வெற்றிடங்களைப் பார்க்க வேண்டும் என்பேன்: முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு முக்கோணம், நடக்கும் கால்களுக்கு இடையே ஒரு கவை, பிரிந்து நிற்கும் விரல்கள்.

ஆழம் பற்றிய தகவலும் நிழலுருவில் இல்லாமல் போகிறது. ஜப்பானிய வடிவமைப்பாளர் நொபுயுகி கயஹாரா 2003-இல் உருவாக்கிய சுழலும் நடனப் பெண்ணின் நிழலுருவைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒருவருக்கு அவள் வலமாகச் சுழல்வதாகவும், இன்னொருவருக்கு இடமாகச் சுழல்வதாகவும் தெரியும். எந்தக் கால் முன்னே இருக்கிறது என்று சொல்ல உள்ளே எந்தக் குறிப்பும் இல்லாததால் இரண்டு விளக்கமும் சரியாகவே பொருந்துகின்றன. அசையாத படத்திலும் இதே குழப்பம் நேரும். நம்மைப் பார்த்து ஓடிவரும் குழந்தையும் நம்மை விட்டு ஓடும் குழந்தையும் கறுப்பாக்கியபின் ஏறக்குறைய ஒரே உருவம்தான். அந்தத் திசை கதைக்கு முக்கியம் என்றால் நிழலுரு அந்தப் படத்துக்கு ஏற்றதல்ல.

படம் கிடைத்த பிறகு உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க இரண்டு பெரிய வழிகள் உள்ளன. முதல் வழி வெளிச்ச வேறுபாட்டை நம்புவது. போட்டோஷாப், கிம்ப் ஆகிய படத்தொகுப்பு மென்பொருள்களில் உள்ள த்ரெஷோல்ட் கட்டளை, 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையான சாம்பல் அளவில் ஒரு எல்லையை வைத்து, அதற்குக் கீழே உள்ள பிக்சல்களைக் கறுப்பாகவும் மற்றவற்றை வெள்ளையாகவும் மாற்றுகிறது. போட்டோஷாப் தானாக எடுத்துக்கொள்ளும் எல்லை 128. அது அளவுகோலின் நடு என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு உங்கள் படத்தோடு எந்த உறவும் இல்லை. எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் இருண்ட உருவத்துக்கு ஒரு மேடும் வெளிச்சமான பின்னணிக்கு ஒரு மேடும் தெரிந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் எல்லையை வைப்பதே முறை. அந்த எல்லையைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க நொபுயுகி ஒட்சு 1979-இல் வெளியிட்ட முறை இன்றும் பல மென்பொருள்களில் பயன்படுகிறது. பிரிந்த இரு கூட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு எந்த எல்லையில் மிகப் பெரிதாகிறதோ அதையே அது தேர்ந்தெடுக்கிறது. ஆனால் மேடுகள் இரண்டாகப் பிரியாத படத்தில், அதாவது பின்னணியும் உருவமும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும் படத்தில், எந்தக் கணக்கும் உதவாது. முகத்தில் பாதி வெள்ளையாகி, பின்னாலிருக்கும் மரம் உருவத்தோடு சேர்ந்துகொள்ளும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு வாய்ப்பு இருக்கிறது. வண்ணப் படத்தை நேரடியாகச் சாம்பலாக்காமல், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சேனல்களையும், அதாவது படத்தின் நிறப் பகுதிகளையும், தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும். வழக்கமான சாம்பலாக்கத்தில் பச்சைக்கே அதிக எடை தரப்படுகிறது. பழைய தொலைக்காட்சித் தரத்தின்படி பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு வெறும் 0.114. இதனால் நீல வானம் சாம்பலில் இருக்க வேண்டியதை விட மங்கலாகிறது. வானத்தின் எதிரே நிற்கும் ஒருவரின் படத்தில் நீலச் சேனலை மட்டும் பார்த்தால், வானம் ஏறக்குறைய வெண்மையாகவும் மனித உருவம் இருண்டும் தெரியும். த்ரெஷோல்ட்டில் திணறிய அதே படம் அங்கே ஒரே இழுப்பில் பிரிந்துவிடும். அந்தச் சேனலைப் பிரதி எடுத்து, கறுப்பு, வெள்ளை எல்லைகளை மாற்றும் லெவல்ஸ் கருவியைக் கொண்டு இரு முனைகளையும் நெருக்கினால், எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க் தயார். மரக்கிளைகள், வலை, மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகள் போன்ற நுணுக்கமான வடிவங்களுக்குக் கையால் தேர்வு செய்வதை விட இதுவே சிறந்த வழி.

இரண்டாவது வழி உருவத்தையே தேர்ந்தெடுப்பது. 2004-இல் வெளியான கிராப்கட் என்ற முறை, உருவத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தால் போதும், உள்ளே எது முன்னணி, எது பின்னணி என்று நிறப் பரவலைக் கொண்டு கணித்துத் தரும் அளவுக்கு வேலையை எளிதாக்கியது. 2018-இல் போட்டோஷாப்பில் சேர்க்கப்பட்ட செலக்ட் சப்ஜெக்ட் கருவியோ, பயிற்சி பெற்ற நரம்பியல் வலையமைப்பின் உதவியால், ஒரே சொடுக்கில் மனிதரைத் தேர்ந்துவிடுகிறது. இன்று கைபேசிச் செயலிகள் வரை இது பரவிவிட்டது. வண்ணப் படத்தில் பின்னணியை மாற்றும் வேலைக்கு இந்தத் தேர்வுகள் பெரும்பாலும் போதுமானவை. நிழலுருவுக்கு அவை போதாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. வண்ணப் படத்தில் ஓரம் இரண்டு பிக்சல் தவறினாலும் சட்டையின் நிறமும் நிழலும் கண்ணை ஏமாற்றிக் காப்பாற்றிவிடும். நிழலுருவில் காப்பாற்ற எதுவும் இல்லை. இடுப்பில் கை வைத்து நிற்பவரின் முழங்கைக்குள் இருக்கும் முக்கோணத்தை மென்பொருள் உடலோடு சேர்த்துவிடும். கறுப்பாக்கியபின் அவர் கை இல்லாமல் ஒரு பக்கம் வீங்கியவராகத் தெரிவார். ஒட்டியிருக்கும் இரு விரல்கள் ஒன்றாகிவிடும். மூக்குக்கண்ணாடியின் கம்பிக்கும் கன்னத்துக்கும் இடையே உள்ள கீற்று மறைந்து, புருவத்தருகே விளங்காத ஒரு புடைப்பு மட்டும் நிற்கும்.

இவற்றையெல்லாம் திரையில் 200 அல்லது 300 விழுக்காடு பெரிதாக்கி, ஓரத்தை ஒருமுறை முழுவதுமாகச் சுற்றிவந்து திருத்த வேண்டும். முகத்தின் பக்கவாட்டுக் கோட்டுக்குப் பென் டூலை விட நம்பகமான கருவி இல்லை என்பது என் கருத்து. சில புள்ளிகளும் அவற்றின் கைப்பிடிகளும் வடிவைத் தீர்மானிக்கும் பெசியே வளைகோடுகளால் ஆன அந்தப் பாதையில் புள்ளிகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு கோடு இயல்பாக ஓடும். மூக்கு நுனி, உதடுகள் சந்திக்கும் பள்ளம், தாடை முனை என்று திசை மாறும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, இடைப்பட்ட தூரத்தைக் கைப்பிடிகளால் வளைத்தால் போதும். உதடுகளின் இடம் மிகவும் நுட்பமானது. மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவிலுள்ள சிறிய வெட்டு ஒரு பிக்சல் ஆழமாகிவிட்டால் வாய் திறந்திருப்பது போலவும், நிரம்பிவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது போலவும் முகபாவம் மாறிவிடுகிறது.

முடிதான் எல்லோரையும் சோதிக்கும் இடம். ஒரு மயிரிழை பெரும்பாலான படங்களில் ஒரு பிக்சலை விட மெல்லியது. ஆகவே அந்தப் பிக்சல் பாதி முடியாகவும் பாதி பின்னணியாகவும் இருக்கும். கறுப்பா வெள்ளையா என்று மட்டும் கேட்கும் த்ரெஷோல்ட் அந்த இழையை அறுத்துத் துண்டுகளாக்கும் அல்லது தடிமனான கயிறாக்கும். இதற்கு, ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்று பதிவுசெய்யும் ஆல்பா சேனலில் இடைப்பட்ட மதிப்புகளை அனுமதிக்க வேண்டும். போட்டோஷாப்பின் செலக்ட் அண்ட் மாஸ்க் பகுதியிலுள்ள ரிஃபைன் எட்ஜ் தூரிகை செய்வது இதைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் புகழ்பெற்றிருந்த நிழலுருக் கலைஞர் ஜான் மையர்ஸ் முகத்தை அடர்கறுப்பில் தீட்டி, முடியையும் மெல்லிய துணி விளிம்பையும் மட்டும் நீர்த்த மையால் ஒளி ஊடுருவும்படி தீட்டினார். இன்று ஆல்பா சேனலில் நாம் எண்களாக எழுதுவதை அவர் தூரிகையால் எழுதியிருக்கிறார். நிழலுரு செய்பவருக்கு இங்கே ஓர் ஆறுதலும் உண்டு. வண்ண வெட்டுப்படத்தில் முடியின் ஓரத்தில் பழைய பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டு வெளிர்வளையமாகத் தெரியும். நாம் உருவம் முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்புவதால் அந்தத் தொல்லை அடியோடு நீங்கிவிடுகிறது. எஞ்சுவது வடிவம் சரியா என்ற கேள்வி மட்டுமே.

தேர்வு முடிந்ததும் மூலப்படத்தின் மேலேயே கறுப்பைப் பூசிவிடாமல், புதிதாக ஒரு சாலிட் கலர் லேயரை, அதாவது ஒற்றை நிற அடுக்கை, சேர்ப்பது நல்லது. தேர்வு செயலில் இருக்கும்போது சேர்த்தால் போட்டோஷாப் அதையே அந்த லேயரின் மாஸ்க்காக எடுத்துக்கொள்ளும். பிறகு நிறத்தையும் ஓரத்தையும் ஒன்றையொன்று பாதிக்காமல் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கிம்ப்பிலும் நிறம் நிரப்பிய லேயருக்கு மாஸ்க் சேர்த்து இதைச் செய்யலாம்.

இதுவரை சொன்னது உள்ளதை உள்ளபடி எடுக்கும் வேலை. ஒரு பாணியைக் கொண்டுவருவது, அந்த மாஸ்க்கை எந்த அளவுக்கு எளிமைப்படுத்துகிறோம் என்பதில் தொடங்குகிறது. இதற்கு மிகவும் பயனுள்ள ஓர் உத்தி உண்டு: மாஸ்க்குக்குச் சில பிக்சல் அளவு காசியன் பிளர் கொடுத்து, உடனே லெவல்ஸைத் திறந்து கறுப்பு, வெள்ளை முக்கோணங்கள் இரண்டையும் நடுவை நோக்கி நெருக்க வேண்டும். பிளர் ஓரத்தின் சிறு மேடுபள்ளங்களைச் சராசரியாக்குகிறது. லெவல்ஸ் அந்த மங்கலை மறுபடியும் கூர்மையான கோடாக்குகிறது. விளைவாக, கத்தரியால் வெட்டியது போன்ற வழுவழுப்பான ஓரம் கிடைக்கும். நடு முக்கோணத்தை ஒரு பக்கம் நகர்த்தினால் உருவம் ஒரு சுற்று பருக்கும் அல்லது மெலியும். பிளரின் அளவைக் கூட்டக் கூட மூலைகள் உருண்டு, உருவம் சின்னம்போல ஆகிக்கொண்டே போகும். ஆனால் பிளரை விட மெல்லிய எதுவும் இதில் பிழைக்காது: கண்ணிமை, விரல் நுனி, கைத்தடி எல்லாம் கரைந்துவிடும். அவற்றை முன்கூட்டியே தனி மாஸ்க்கில் காப்பாற்றி வைத்து, பிறகு சேர்க்க வேண்டும். எதை உருட்டுவது, எதைக் கூர்மையாக விடுவது என்று உறுப்பு உறுப்பாகத் தீர்மானிப்பவரின் படமும், ஒரே அளவைப் படம் முழுவதற்கும் கொடுத்தவரின் படமும் பார்த்தவுடன் வேறுபட்டுத் தெரியும்.

படத்தைப் பிக்சல்களுக்குப் பதில் கோடுகளால் விவரிக்கும் வெக்டராக மாற்றும் பாதையும் இதே எளிமைப்படுத்தலைத்தான் வேறு வழியில் செய்கிறது. வெக்டர் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பின் டிரேஸ் பிட்மேப் கட்டளை, பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் நிரலைப் பயன்படுத்திக் கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரங்களை வளைகோடுகளாக்குகிறது. கொடுக்கும் படத்தின் தரம் இங்கே மிக முக்கியம். ஜேபெக் படங்கள் 8×8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கப்படுவதால், கைபேசியில் பலமுறை அனுப்பப்பட்டுத் தேய்ந்த ஒரு படத்தின் ஓரத்தில் அந்தக் கட்டங்களின் தடம் இருக்கும். வண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாத அது, கறுப்பு வெள்ளையில் படிக்கட்டாக எழும், வெக்டரில் நூற்றுக்கணக்கான தேவையற்ற புள்ளிகளாக மாறும். முடிந்தவரை கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பும் வடிவமானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்கும் துண்டு வெட்டியதும் விழுந்துவிடும் என்பதால், அதை உடலோடு இணைக்கும் ஒரு மெல்லிய பாலத்தை வரைந்தே ஆக வேண்டும்.

இனி நிறத்துக்கு வரலாம். நிழலுரு கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பின்னணியோடு போதுமான வேறுபாடு இருந்தால் போதும். 2003-இல் ஆப்பிள் நிறுவனம் பாட்டு கேட்கும் கருவியான ஐபாடுக்காக வெளியிட்ட விளம்பரங்கள் இதற்கு அழுத்தமான எடுத்துக்காட்டு: பளிச்சென்ற ஒற்றை நிறப் பின்னணி, ஆடும் மனிதரின் கறுப்பு உருவம், அதன் மேல் வெள்ளையாக விடப்பட்ட கருவியும் அதன் கம்பியும். உள்ளே எதையும் காட்டாத ஒரு படத்தில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் விலக்கு அளித்தால், கண் வேறெங்கும் போக முடியாது. பல உருவங்கள் உள்ள காட்சியில், அருகில் இருப்பதை அடர்த்தியாகவும் தொலைவில் இருப்பதைப் படிப்படியாக வெளிறவும் செய்தால், மூடுபனியில் மலைகள் தெரிவது போல, இழந்த ஆழத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. உருவத்துக்குள் இன்னொரு படத்தை நிரப்பும் இரட்டைப் பதிவு விளைவுக்கு, வெள்ளைப் பின்னணியிலுள்ள கறுப்பு உருவத்தின் மேல் மற்றப் படத்தை ஸ்கிரீன் கலப்பு முறையில் வைத்தாலே போதும். அந்த முறையில் வெள்ளை எதன் மேலும் வெள்ளையாகவே நிற்கும், கறுப்பு மேலுள்ள படத்துக்கு முழுமையாக வழிவிடும்.

உள்ளே சில கோடுகளைச் சேர்க்கலாமா என்பது பழைய விவாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கத்தரியாலேயே முழு உருவங்களை வெட்டிய ஓகுஸ்த் எதுவார், நிழலுருவின் மேல் பொன்வண்ணக் கோடுகளைத் தீட்டும் வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர். நிழலுக்குள் ஒளி எப்படி இருக்க முடியும் என்பது அவர் தரப்பு. எனக்கும் பெரும்பாலும் அவர் பக்கமே மனம் சாய்கிறது. காலர் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தேவைப்படுகிறது என்று தோன்றும் போதெல்லாம், அந்தக் காலரை ஓரக்கோட்டில் இரண்டு பிக்சல் வெளியே எடுத்துவிட்டுப் பார்த்தால், கீற்று தேவைப்படாமல் போவதைக் கண்டிருக்கிறேன். நாயும் மனிதரும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் படத்தில் மட்டும், இரண்டையும் பிரிக்க ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இல்லாமல் முடியாது.

அச்சுக்குப் போகும் படத்தில் கறுப்பு மை 100 விழுக்காடு என்று மட்டும் கொடுத்தால், பெரிய பரப்பில் அது சாம்பல் தட்டிய கறுப்பாகவே விழும். மற்ற மைகளையும் ஓரளவு சேர்த்த அடர்கறுப்பை அச்சகத்தாரிடம் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். இணையத்துக்கு என்றால் ஊடுருவும் பின்னணி நிலைக்கப் பிஎன்ஜி அல்லது எஸ்விஜி வேண்டும். ஜேபெக்கில் அது நிற்காது.

ஒருவருடைய அடையாளத்தை மறைப்பதற்காக நிழலுருவைப் பயன்படுத்துபவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஒரு குழந்தையின் படத்தையோ பாதிக்கப்பட்ட ஒருவரின் படத்தையோ வெளியிடும்போது இதில் நேரும் பிழைக்குத் திருத்தம் கிடையாது. வெளிச்சத்தைக் குறைத்து உருவத்தை இருட்டாக்கியது மட்டும்தான் என்றால், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் இடத்தில் 3, 7, 12 என்று சிறிய எண்கள் வேறுபட்டு நிற்கும்; லெவல்ஸை ஒருமுறை இழுத்தால் முகம் மேலே வந்துவிடும். லேயர்களோடு அனுப்பிய கோப்பில் மூலப்படம் அப்படியே அடியில் இருக்கிறது. பிஎன்ஜி கோப்பில் முழுவதும் ஊடுருவும்படி ஆக்கிய பிக்சல்களுக்குள்ளும் பழைய நிறம் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் விவரங்களான எக்ஸிஃப் தகவலுக்குள் திருத்தப்படாத சிறுபடம் ஒன்று தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே சீரான ஒற்றை நிறத்தால் நிரப்பி, எல்லா லேயர்களையும் ஒன்றாக்கி, எக்ஸிஃப் தகவல்களை நீக்கிப் புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதற்கும் மேலாக, பக்கவாட்டு முகக்கோட்டைத் தவிர்க்க வேண்டும். ஒருவரை அறிந்தவர்கள் அந்த ஒற்றைக் கோட்டிலேயே அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பதால்தான் காகிதத்தில் வெட்டிய அந்த உருவப்படங்களை மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். மறைக்க வேண்டிய முகத்துக்கு, நேராகவோ முதுகு காட்டியோ நிற்கும், ஓரத்தில் எதுவும் சொல்லாத ஒரு படமே ஏற்றது.